வலி தெரியாத காலுக்கு ஒரு செருப்பு

கடைக்குச் செருப்பு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? காலில் மாட்டி நாலடி நடந்து பார்ப்பார். கட்டைவிரல் பக்கம் அறுத்தால், "இது வேண்டாம்ப்பா, வேற காட்டு" என்பார். வீட்டுக்கு எடுத்துப் போன பிறகு கடித்தால் மறுநாளே கடைக்காரரிடம் வந்து சண்டை போடுவார். செருப்பின் தரத்தை ஓரளவுக்காவது காப்பாற்றி வருவது இந்தச் சண்டைதான்.

தொழுநோயில் நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போன காலுக்கு இப்படிச் சண்டை போடத் தெரியாது. உள்ளே ஓர் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கால் அதன்மேல் நாள் முழுக்க நடக்கும். வார் உரசித் தோல் கிழிந்தாலும் நடக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் காலுக்கு உரியவருக்கே விஷயம் தெரியும். புண் ஆறாமல் எலும்புவரை இறங்கினால் விரல் போகும். பிறகு பாதமும் போகும்.

இந்தக் காலுக்குச் செருப்புத் தைப்பவரின் நிலைமை மற்ற தொழிலாளிகளுக்கு இல்லாதது. அவர் தப்பாகத் தைத்தால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய காலுக்கே தெரியாது. ஒரு தையல் விட்டுப்போனாலும், மலிவான ரப்பரை உள்ளே வைத்து மேலே நன்றாக ஒட்டிவிட்டாலும், போட்டுக்கொள்கிறவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வேலையில் வாழ்வது என்றால் என்ன என்று கேட்பவர்களை நான் இந்தச் செருப்புப் பட்டறைக்குத்தான் முதலில் அழைத்துப் போவேன். குறை சொல்ல முடியாதவருக்கு நாம் செய்து கொடுக்கும் வேலை எப்படி இருக்கிறது? ஒருவருடைய விசுவாசத்தை எடைபோட இதைவிட நேரான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

வேலூர் மாவட்டத்தில் காட்பாடிக்கு அருகே கரிகிரி. 1955இல் இங்கே ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபோது அது மொட்டைப் பாறையும் முள்ளும் நிறைந்த காடு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோடு கைகோத்து வளர்ந்த இந்த நிறுவனத்தில் அறுவை மருத்துவராகவும் பின்னர் இயக்குநராகவும் இருந்த எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி, நோயாளிகளின் கையையும் காலையும் சீர்செய்த அதே அக்கறையோடு அந்த நிலத்தில் மழைநீரைத் தேக்கி மரம் வளர்த்தார். இன்று கரிகிரி வளாகத்துக்குள் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிழலைத்தான்.

இங்கே மரத்துப்போன கால்களுக்குத் தைக்கும் செருப்புக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று பெயர். மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்ற, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் உள்ளங்காலுக்கு நேராக வரும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் அது 15 அளவில் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் பாதியாக அமுங்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அதைவிடக் கெட்டியாக இருந்தால் பாதத்தை அழுத்தும். அதைவிட மிருதுவாக இருந்தால் சில வாரத்தில் தட்டையாகிவிடும். அதற்குக் கீழே முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாதபடி கடினமான ரப்பர் அடிப்பாகம். எங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது. தையலும் பசையும் மட்டும்தான். விரல் இடுக்கில் வார் வரக் கூடாது, அது அறுக்கும். பின்னங்காலைச் சுற்றி ஒரு வார் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் செருப்பு நடுவழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அந்த மனிதர் வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்பார்.

அளவெடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். காகிதத்தை விரித்து அதன்மேல் பாதத்தை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைகிறார்கள். பழைய புண் இருந்த இடம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடம், விரல் மடங்கிப்போன இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். அதற்காக அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்துத் தடவ வேண்டும். பெரிய வியாழனன்று எங்கள் ஆலயங்களில் போதகர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். முதல்நாளே வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிய பாதங்கள் அவை. பட்டறையில் ஆண்டின் எல்லா வேலை நாட்களிலும் புண் பட்ட பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அது சடங்கு அல்ல, பிழைப்பு. அதனால் அதன் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இன்னொன்று உண்டு. ஆரம்பத்தில் இந்தச் செருப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால், "ஓ, அந்த நோய்க்காரரா" என்று பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். காலைக் காப்பாற்றிய செருப்பு ஆளைக் காட்டிக்கொடுத்தது. பலர் அதைப் பரண்மேல் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தார்கள். அதன் பிறகுதான் கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும் வடிவங்கள் வந்தன. பெண்களுக்கு ஒரு மாதிரி, ஆண்களுக்கு ஒரு மாதிரி, வெவ்வேறு நிறம். ரப்பரின் அளவைப் போலவே அந்த மனிதரின் மானமும் ஓர் அளவுதான் என்று பட்டறைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தோலும் செருப்பும் என்றாலே தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடுகிற ஊர்கள் சூழ்ந்த வேலூர்ப் பக்கத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திருச்சபையும் இதில் சுத்தமாக இருந்ததில்லை. ஆலயத்துக்குள்ளே தனித்தனி இடம், கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் என்று சாதியைச் சுமந்துகொண்டே சிலுவையையும் சுமந்த வரலாறு நமக்கு உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், பட்டம் பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் செருப்புத் தைப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வார் எங்கே வரணும்?" என்று கேட்டுத் தொழில் கற்றுக்கொண்டது சின்ன விஷயமில்லை.

கொல்லிமலைப் பையன்

அந்த மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவெலினும் மிஷனரிகள். அப்பா முறையான மருத்துவப் பட்டம் இல்லாமலே மலைமக்களுக்கு வைத்தியம் பார்த்தார், வீடு கட்டினார், விவசாயம் சொல்லிக்கொடுத்தார். அவர் புண்ணைக் கீறிச் சீழ் எடுப்பதைச் சிறு வயதில் பார்த்த பாலுக்கு மருத்துவம் என்றாலே குமட்டல். 1929இல் அப்பா காய்ச்சலில் மலையிலேயே இறந்துபோனார். படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த பையன், அப்பாவைப் போல ஊழியத்துக்குப் போக வேண்டும், ஆனால் மருத்துவராக மட்டும் போகக் கூடாது என்று முடிவெடுத்துக் கட்டட வேலைக்குப் போனான். தச்சு வேலை, கல் வேலை, செங்கல் அடுக்குவது என்று சில ஆண்டுகள் கைத்தொழில் கற்றான். அதன் பிறகுதான் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தான்.

1946இல் வேலூருக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேன் என்ற தோல்நோய் மருத்துவர் அவரைக் கூட்டிப் போனார். பறவையின் நகம்போல மடங்கிய விரல்களோடு நூற்றுக்கணக்கானவர்கள். எலும்பு மருத்துவர்கள் ஒருவரும் இந்தக் கைகளை ஆராய்ந்ததே இல்லையே, ஏன் என்று பிராண்ட் கேட்டார். அங்கே ஒருவரோடு கை குலுக்கியபோது, செத்துப்போனதாக நினைத்த அந்தக் கைக்குள் முரட்டுத்தனமான பலம் இருப்பதை உணர்ந்தார். எல்லாத் தசைகளும் சாகவில்லை. வேலை செய்யும் தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டினால் என்ன? 1948 முதல் வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. நாரின் இழுப்பு எந்தக் கோணத்தில் வர வேண்டும், எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கணக்கிட்ட கை, கதவுக்குக் கீல் வைக்கத் தெரிந்த தச்சனின் கை. வீணாய்ப் போன ஆண்டுகள் என்று அவரே ஒரு காலத்தில் நினைத்தவைதான் அந்தத் தச்சு ஆண்டுகள்.

கை சரியானது. ஆனாலும் விரல்கள் தேய்ந்துகொண்டே இருந்தன. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் அன்றைக்கு மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திணறியபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால் சாவி விரலை எலும்புவரை கிழித்திருக்கிறது. பையன் முகத்தில் சலனமே இல்லை. நமக்கெல்லாம் "போதும், நிறுத்து" என்று சொல்லும் வலி அவனுக்குச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், மண்வெட்டியின் பிளவுபட்ட கைப்பிடி, விரல் நடுவே எரிந்து முடிந்த பீடி. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. இரவில் முழுதாக இருந்த விரலின் நுனி காலையில் காணாமல் போயிருந்தது. இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மருந்துச் சீட்டில் பூனை எழுதிய மருத்துவரை வேறெங்காவது பார்த்திருக்கிறோமா? அவர் பிரார்த்தனை செய்கிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவரும்தான். ஆனால் விடிய விடிய உட்கார்ந்து எலியைக் கண்டுபிடித்த அந்த இரவுதான் அவருடைய விசுவாசத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. அழுகுவது கடவுளின் சாபம் என்று ஊர் சொன்னது, வேதத்தையும் அதற்குச் சாட்சிக்கு இழுத்தது. காரணத்தை எலிவரைக்கும் தேடிப் போனவர், அந்த நோயாளிகளின் தலையிலிருந்து பாவப் பழியை இறக்கி வைத்தார்.

பிச்சைக்கு உதவாத கைகள்

சரிசெய்த கைகளோடு வீட்டுக்குப் போனவர்கள் சிலர் மனம் உடைந்து திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைக் காட்டினால் காசு விழும். நிமிர்ந்த கைக்கு யார் பிச்சை போடுவார்கள்? நோயாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை, அதனால் வேலையும் கிடைக்கவில்லை. கையைக் கொடுத்துவிட்டு வேலை கொடுக்காமல் விட்டது பாதி வேலை என்று வேலூரில் உள்ளவர்களுக்கு அப்போது உறைத்தது.

1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. அங்கே அவர்கள் தச்சு கற்றார்கள். மர பொம்மைகள் செய்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர். உணர்ச்சியில்லாத கையால் உளியை எப்படிப் பிடிப்பது, கைப்பிடியை எப்படி அகலமாக்குவது, வேலைக்கு நடுநடுவே உள்ளங்கையைப் பார்த்து எங்கே சிவந்திருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொன்றாக அவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். காலுக்கும் இதே பாடம். புண் வருமுன் அந்த இடம் சூடாகும். கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து மெத்தென்ற செருப்புக்குப் போகும் பாதை நீளமானது. மரக்கட்டை, பிளாஸ்டிக் என்று எத்தனையோ தோற்றுப்போன சோதனைகளுக்குப் பிறகுதான் அந்த ரப்பர் கையில் வந்தது.

மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்துப் பெண்கள் மருத்துவரான அவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கர்ப்பிணிகளுக்கு நின்றுகொண்டு அறுவை செய்ய இனி முடியாது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். "உங்களுக்கு எல்லாம் சரியாகிவிடும்" என்று நின்றுகொண்டு சொல்லும் மருத்துவரைவிட, சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு கட்டிலருகே வந்த மருத்துவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை.

மேடையும் மேசையும்

இத்தனைக்கும் பிறகு நம் சபைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஊழியம் என்றால் மைக் பிடிப்பது என்று ஆகிவிட்டது. பிள்ளைக்கு நோய் கண்டால், "பிழைச்சா உமக்கே ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று பொருத்தனை செய்கிற தாயின் மனதில் இருப்பது பிரசங்கியார். பேருந்து ஓட்டுநரும் கிராம நிர்வாக அலுவலரும் அவள் மனதில் இல்லை. வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவரின் சாட்சியைக் கன்வென்ஷனில் ஒரு மணி நேரம் கேட்கிறோம். முப்பது ஆண்டு ஒரே அலுவலகத்தில் ஒரு பைசா கைநீட்டாமல் ஓய்வு பெற்றவருக்கு அந்த மேடையில் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து பட்டணத்துக்கு வந்தபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில் தங்கியதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் காரணம் மிகச் சாதாரணமானது. அவருக்கும் அவர்களுக்கும் ஒரே தொழில். கூடாரம் செய்வது. பகலில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான் உலகத்தை மாற்றிய நிருபங்களை எழுதினார். அவருக்கும் முன்னால் நாசரேத்தில் ஒரு தச்சர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பட்டறையில் கழித்தார். பிரசங்கித்த காலம் சுமார் மூன்றாண்டு என்று நம்புகிறோம். மீதி ஆண்டுகளில் அவர் செய்த நுகமும் கதவும் கோணலாக இருந்திருக்கும் என்று யாராவது எண்ணுவோமா?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர், பிறகு முன்சீப் என்று அவர் வாழ்நாள் கோர்ட்டுக் கட்டுகளுக்கு நடுவேதான் கழிந்தது. வழக்குக்கு வரும் குடியானவனுக்கு ஆங்கிலத் தீர்ப்பு ஒரு எழுத்தும் புரியாது. அதை வைத்து இடைத்தரகர்கள் காசு பார்த்தார்கள். வேதநாயகம் பிள்ளை அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். சொந்த மொழியில் நீதி கேட்பது மக்களின் உரிமை என்று விடாமல் எழுதினார். லஞ்சத்தைக் கண்டித்துக் கீர்த்தனைகளே பாடினார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, கையிலிருந்ததைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். அதைப் பாடியவர் நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். சைவப் புலவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப்பைப் பாட வைத்தது எந்தச் சுவிசேஷக் கூட்டமும் அல்ல, அவர் வேலை பார்த்த விதம்.

"அப்படியானால் நன்றாக வேலை செய்கிறவன் எல்லாம் கிறிஸ்தவனா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை. வேலூரிலும் கரிகிரியிலும் எல்லா மதத்தவரும் உழைத்திருக்கிறார்கள், உழைக்கிறார்கள். நேர்மையும் திறமையும் எங்கள் சபைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து அல்ல. கேள்வியைத் திருப்பித்தான் போட வேண்டும். கிறிஸ்துவின் பெயரைச் சுமக்கிறேன் என்கிறவன் வேலையை அரைகுறையாகச் செய்தால், அவன் ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டுக்கு என்ன மதிப்பு? இன்னொரு பக்கமும் உண்டு. ஆள் பிடிப்பதற்காகச் செய்யும் நல்ல வேலை நல்ல வேலையே ஆகாது. அந்தச் செருப்பு, போட்டுக்கொள்கிறவர் கடைசிவரை கோயிலுக்கே போகிறவராக இருந்தாலும், அதே அளவு ரப்பரோடுதான் இருக்க வேண்டும்.

இரவு நான்கு மணி

வேலூரைத் தாண்டி, நம் தெருவுக்கு வருவோம். கன்னியாகுமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நர்சிங் படித்துச் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் பாருங்கள். நினைவிழந்து கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். இரவு பன்னிரண்டுக்குப் புரட்டியாயிற்று. இரண்டுக்கும் புரட்டியாயிற்று. நான்கு மணிக்குக் கண் சொருகுகிறது, கூட இருந்த உதவியாளர் வேறு வார்டுக்குப் போய்விட்டார், நோயாளியோ தொண்ணூறு கிலோ. சார்ட்டில் 'டிக்' போட்டுவிட்டு உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? நோயாளிக்குப் பேச்சில்லை. உறவினர் வெளியே பெஞ்சில் தூங்குகிறார். புண் வெளியே தெரிய நாளாகும். அப்போது யார் ஷிஃப்டில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுந்து போய், ஒரு தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து, மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைக்கிற அந்தப் பெண், காலை ஆராதனைக்குத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் தூங்கி வழியலாம். வரவேற்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர் ஆராதனையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

சுவருக்குள் புதைந்துவிடும் எர்த் ஒயரை ஒழுங்காகக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனும், காங்கிரீட் போட்டபின் மேஸ்திரி பார்க்காவிட்டாலும் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றும் சித்தாளும், விதவை உதவித்தொகை விண்ணப்பத்தில் பிழை இருந்தால் திருப்பி அனுப்பாமல் தானே கூப்பிட்டுத் திருத்திக்கொடுக்கும் எழுத்தரும் இதே வரிசைதான். நகரத்தில் இப்போது சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தொழுநோயாளிகளுக்காகக் கண்டுபிடித்த அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான் அவர்களும் போடுகிறார்கள். தொழுநோயும் ஒழிந்துவிடவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையில் கிருமி செத்துவிடும், ஆனால் தாமதமாக வருகிறவருக்குப் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இன்னமும் இந்தியாவில்தான். தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம்.

தனி மனிதரின் நேர்மையோடு இதை நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்கிறவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கும் சபை, தான் வேலைக்கு வைத்திருக்கிறவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது? திருமண்டலங்களும் மிஷன்களும் நடத்தும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அரசுச் சம்பளம் பெறாத சுயநிதிப் பிரிவு ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆயாக்கள், சமையல்காரர்கள், இரவுக் காவலர்கள் இருக்கிறார்கள். வாங்குவது ஒரு தொகை, கையெழுத்துப் போடுவது வேறு தொகை என்ற பேச்சு பள்ளிக்கூட வட்டாரத்தில் புதிதல்ல. "இது வேலை இல்லம்மா, ஊழியம்" என்ற ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்துவிடலாம். எதிர்த்துப் பேசினால் வேலை போகும், வேலையோடு பெயரும் போகும். நம் வீட்டுக்குள்ளேயே குறை சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

ஆகவே சபைக் கமிட்டியில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: நம் பள்ளியின் ஆயாவுக்கு என்ன சம்பளம், எந்தத் தேதியில் கொடுக்கிறோம், வருங்கால வைப்பு நிதி கட்டுகிறோமா, அவர் கையெழுத்திட்ட தொகை அவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா? பதில் சரியாக இல்லாவிட்டால், இந்த ஆண்டு ஆலயக் கோபுரத்துக்கு ஒதுக்கி வைத்த பணத்தை முதலில் அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.